அட்டை மட்டுமே சட்டமல்ல

புதிதாக வாங்கிய லெப்டொப் பழுதானால் கடைக்காரர் சொல்வதுதான் முடிவு என்ற எண்ணம் திருகோணமலையில் வேரோடிக் கிடக்கிறது. வொரண்டி என்பது கடை தரும் சலுகை, அட்டையில் எழுதியது மட்டுமே கிடைக்கும், "கொழும்புக்கு அனுப்பியிருக்கிறம், வந்ததும் சொல்றம்" என்றால் பொறுத்திருப்பதே முறை என்று வாங்கியவரும் நம்புகிறார், விற்றவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கை சட்டப்படி தவறு. அதைவிடக் கெடுதலானது, சட்டம் தந்திருக்கும் உரிமையை வாங்கியவர் அறியாமலே அது காலாவதியாக்கிவிடுவது.

வொரண்டி அட்டை என்ற ஒன்று இந்த நாட்டுக் கடைகளுக்கு வருமுன்பே, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், ஒரு வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் அதை விற்கத்தக்க தரத்தில் தரவேண்டும் என்ற கடப்பாட்டை விற்பனை ஒப்பந்தத்துக்குள்ளேயே வைத்துவிட்டது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவரவில்லை என்றால் அதிகாரசபை விசாரிக்கலாம். விசாரணையில் முறைப்பாடு சரியெனக் கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். "உட்கிடையாக" என்ற அந்த ஒரு சொல்லே அட்டைக்கு வெளியிலும் உத்தரவாதம் உண்டு என்பதற்குச் சான்று. சில பில்களில் ஒரு வருட வொரண்டி என்றால் 350 நாள் என்று சின்ன ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது கடை எழுதிய கணக்கு; சட்டம் எழுதியதல்ல.

இனித்தான் பொறுமையின் விலை தெரியும். அதிகாரசபைக்கான முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் விதி. என்.சி. வீதியில் வாங்கிய லெப்டொப்பின் திரை மூன்றாம் வாரத்தில் மினுங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 260 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்பு சேவிஸ் சென்டருக்குப் போகிறது. அங்கே பரிசோதனைக்குச் சில நாள், உதிரிப்பாகம் வரச் சில வாரம், திரும்பி வர இன்னும் சில நாள். திருத்தி வந்தது மீண்டும் மினுங்கினால் அதே பயணம் இன்னொரு முறை. இயந்திரம் கடையின் கையில் இருக்கும்போதே மூன்று மாதம் கழிந்துவிடுகிறது. பணம் கொடுத்தவர் கையில் பொருளும் இல்லை, அதிகாரசபையிடம் முறையிடும் வழியும் இல்லை.

பாவிப்பவர் கீழே போட்டுவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து வாதாடினால் கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தவறான பாவனைக்கு விற்றவர் பொறுப்பாக முடியாது. ஆனால் இந்தத் துறைமுக ஊரில் "துரு, ஈரம்" என்ற காரணத்தைச் சொல்லி மறுப்பது மிகச் சுலபம். காற்றின் ஈரப்பதன் 75 வீதமளவைத் தாண்டும்போது உப்புத்துகள் ஈரத்தை இழுத்துக் கரைந்து, மின்சாரம் கடத்தும் படலமாகிவிடும். சார்ஜர் செருகும் துளைக்குள் செம்பு பச்சை பிடிக்கும். இந்த அரிப்பு மெல்ல மெல்ல நடப்பது. உலர்ந்த அறையில் இருந்த இயந்திரம் மூன்றாம் வாரத்தில் நின்றுபோவதற்கு உப்புக்காற்றைக் குற்றஞ்சாட்ட வேண்டுமானால், எந்தப் பாகத்தில் என்ன கண்டார்கள் என்று படத்தோடு எழுதித் தரட்டும். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்கும் உரிமையைத் தருகிறது. அதற்குப் பிறகு திருத்தமோ மாற்றமோ கேட்டால், முதல் ஆறு மாதத்தில் தெரியும் பழுது வாங்கும்போதே இருந்ததாகக் கொள்கிறது. இல்லையென்று காட்டவேண்டியவர் விற்றவர். இயந்திரத்தின் உள்ளை அறிந்தவரே விளக்கம் சொல்லவேண்டும் என்ற அந்த நியாயம் இங்கும் பொருந்தும்.

சிறுகடைக்காரர் என்ன பாவம், அவரும் கொழும்பு ஏஜென்டிடம் வாங்கி விற்பவர்தானே என்பது அடுத்த வாதம். அவருடைய சிரமம் உண்மை. ஆனால் வாங்கியவர் காசு கொடுத்ததும் ஒப்பந்தம் செய்ததும் அவரோடுதான். ஏஜென்டிடம் தன் நட்டத்தைக் கேட்கும் வழி கடைக்காரருக்கு இருக்கிறது. நிலாவெளி வளாகத்துக்குப் போகும் மாணவிக்கு அந்த ஏஜென்ட் யாரென்றே தெரியாது. முகத்தாட்சண்யம் இன்னொரு தடை: நாளைக்கும் அதே கடைக்காரர் முகத்தில்தானே முழிக்க வேண்டும்? எழுத்தில் கேட்பது சண்டை பிடிப்பதல்ல. ஏஜென்டிடம் காட்ட அந்தக் கடிதம் கடைக்காரருக்கும் உதவும்.

ஆகவே லெப்டொப்பைத் திருத்தக் கொடுக்கும்போது திகதியும் பழுதும் எழுதிய துண்டு கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதைக் கேட்டு வாங்கிப் படம் பிடித்து வையுங்கள். திருத்தம் இழுபட்டால் 1977 என்ற இலக்கத்தில் அதிகாரசபையிடம் வழி கேளுங்கள். ஆனால் முறைப்பாட்டைக் கடிதமாகவே கொடுங்கள். வொரண்டி அட்டையில் முடிவுத் திகதியைத் தேடுவதற்கு முன், பற்றுச்சீட்டிலுள்ள திகதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணுங்கள்.