ஏறி வந்த ஏணி

ஆறு கடக்கும் வரையில் அண்ணன் தம்பி. கடந்த பிறகு நீ யாரோ, நான் யாரோ என்பார்கள். இங்கிலாந்தில் நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள்.

லெஸ்டர் ஊர்க் கால்பந்து கோஷ்டி 2016 மே மாதம் முதல்தர லீக்கில் முதலிடம் பெற்றது. 'இவர்களாவது, ஜெயிப்பதாவது! ஒரு பவுன் கட்டுங்கள். ஜெயித்தால் 5,000 பவுன் தருகிறோம்' என்று பந்தயக்காரர்கள் சொன்ன கோஷ்டி அது! ஜெயிக்க வைத்தவர் கிளாடியோ ரனியேரி என்ற இத்தாலியர். எதிர்க் கோஷ்டியை ஒரு கோல்கூடப் போடவிடாமல் ஆடினால் பிட்ஸா விருந்து என்று ஆசை காட்டி, கடைசியில் பையன்களையே பிட்ஸா செய்ய வைத்த மனிதர்!

அடுத்த பருவத்தில் சனி பிடித்தது. தூண்போல் நின்ற காந்தே, செல்ஸி கோஷ்டிக்குப் போய்விட்டார். 2017 பிறந்து ஏழு வாரமாகியும் லீக்கில் ஒரு கோல் இல்லை. கோஷ்டி 17-வது இடத்தில் தத்தளித்தது. இன்னும் ஒரு படி சறுக்கினால் இரண்டாந்தர லீக்குக்குத் தள்ளப்படும் ஆபத்து. பிப்ரவரி 23-ம் தேதி ரனியேரியின் சீட்டுக் கிழிந்தது. ஜெயித்துப் பத்து மாதம் நிறையவில்லை!

'நன்றி கெட்டவர்கள்!' என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கொதித்தேன். ஆனால், உதவியாளராயிருந்த ஷேக்ஸ்பியர் (ஆமாம், அதே பெயர்தான்!) பொறுப்பேற்றதும் லீக்கில் வரிசையாக ஐந்து வெற்றி, முடிவில் 12-வது இடம். முதலாளிகளின் கணக்கு தப்பவில்லை.

ஷேக்ஸ்பியரின் முதல் ஆட்டத்தில், 65-வது நிமிஷம், ரசிகர்கள் கைப்பேசி விளக்குகளை ஏற்றிப் பிடித்தார்கள். ரனியேரிக்கு அப்போது வயது 65. கணக்கில் சேராத கடனை அவர்கள் மறக்கவில்லை, பார்த்தீர்களா!