படப்பெட்டியின் சாவி யாரிடம்?



தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம் மக்கள் பட்டண அடுக்குமாடிகளில் சிதறிப் போனாலும், கோயில் திருவிழா என்றால் ஒன்றுகூடி விடுகிறோம். தீமிதியும் காவடியும் அன்றே நூறு கைப்பேசிகளில் ஏறிவிடுகின்றன. மறு ஆண்டு தேடினால்? ஒருவர் கைப்பேசி தொலைந்திருக்கும். இன்னொருவர் இடம் போதாமல் அழித்திருப்பார். வாட்ஸ்அப்பில் வந்த படமோ சுருங்கி மங்கியிருக்கும்.

"கூகளில்தான் கிடக்கிறதே" என்பீர்கள். அங்கே இலவச இடம் 15 ஜிபிதான். 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கின்றன. இரண்டாண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கவும் தொடங்கினார்கள். தாத்தா மறைந்த பிறகு அவர் கணக்கை யார் திறப்பது?

ஆகவே, சங்கத்துக்கென்று சொந்தப் படப்பெட்டி ஒன்று வேண்டும். 8 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியே போதும். 'இம்மிச்' என்னும் இலவச மென்பொருளை அதில் ஏற்றி, அதன் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், படங்கள் தரம் குறையாமல் பெட்டிக்கு வந்து சேரும். முகத்தைக் காட்டி ஆளைத் தேடவும் முடியும். படம் ஒன்று 4 எம்பி என்றால், 1 டிபி தட்டில் ஏறக்குறைய 250,000 படங்கள் அடங்கும். வீடியோவுக்கு இடம் அதிகம் வேண்டும். கணினி படித்த பிள்ளைகள் நம்மிடம் இல்லாமலா போய்விட்டார்கள்?

ஆனால் பெட்டி ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஓர் இடி விழுந்தால் போயிற்று! பெட்டியில் ஒரு படி, வெளித்தட்டில் ஒரு படி, வேறோர் ஊரில் இன்னொரு படி என மூன்று இருக்கட்டும். வெளியூர் உறுப்பினர்கள் பார்க்க, இணையத்தில் பெட்டியைத் திறந்துவிடாமல் விபிஎன் வழி கொடுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரியது சாவி. மறைச்சொல் செயலாளர் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் கோபித்துக்கொண்டு விலகினால், ஊர்ச் சொத்தும் அவரோடு போய்விடும். இருவரிடம் கொடுங்கள், எழுதி, உறையிலிட்டு, சங்கப் பெட்டகத்திலும் வையுங்கள். வீட்டார் வேண்டாமென்ற படத்தை உடனே நீக்குங்கள்.

தகரப் பெட்டியில் உறங்கும் பழைய படங்களையும் ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். பெரட்டுக் களத்தில் நிற்பவர் யார், ஆயாக் கொட்டகைப் பிள்ளை யார் என்று சொல்லப் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள். பெயர் தெரியாத படத்தை எந்தப் பெட்டியில் வைத்து என்ன பயன்?