காக்கிக்கும் நீதி செய்வோம்!

 

1918 ஜூன் 10 அன்று, பம்பாய் காவலர் மருத்துவமனையில் ஏழு காவலர்கள் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டனர். ஒருவர் துறைமுகக் காவலில் நின்றவர். இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரைப் பலிகொண்ட இன்ஃபுளுவென்சா, ஆரம்பத்திலேயே பிடித்தது காவல் நின்றவர்களைத்தான். 2020 ஜூன் 17 அன்று சென்னை மாம்பலம் காவல் ஆய்வாளர் பாலமுரளி கொரோனாவுக்குப் பலியானார்.

காவல்துறை மீது நமக்கு மனக்குறைகள் உண்டு. அவற்றை உரக்கச் சொல்வோம். ஆனால், எவர் மீதுள்ள வெறுப்பும் உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்பது அல்லாஹ்வின் கட்டளை (5:8).

ஆரணி வியாபாரிகளே! ஊரடங்கில் தறியும் கடையும் மூடி நாம் வீட்டில் இருந்தபோது, வீதியில் நின்றவர்கள் அவர்கள். இளைஞர்களே! அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். அன்று காவல் நிலையம் சென்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லுங்கள். நீதி கேட்கும் சமுதாயம், நீதி செலுத்துவதிலும் முந்தட்டும்!