சங்கத்துக்கு ட்ரெய்லர் வேண்டுமா?

சென்ற செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. பொங்கல் விழாவுக்கும் நவராத்திரிக்கும் அண்டா, தவலை, கிரைண்டர், ஒலிபெருக்கிப் பெட்டிகள் எல்லாவற்றையும் வாடகை டெம்போவில் ஏற்றி இறக்குகிறோம். அதற்குப் பதில் சிறிய ட்ரெய்லர் ஒன்றை வாங்கி, அன்பர் ஒருவர் மனமுவந்து தரும் பழைய டாடா சுமோவின் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன என்றார்கள். பலரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று அங்கே சொல்ல நேரமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

சுமோ மீது எனக்குக் குறையில்லை. 1994-இல் வெளிவந்து 2019 வரை தயாரான வண்டி. (சுமந்த் மூல்காவ்கர் பெயரிலிருந்து வந்ததே 'சுமோ', ஜப்பான் மல்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) லாரியைப் போலத் தனி சேஸிஸ் மேல் பாடி உட்கார்ந்திருப்பதால் இழுவைக்கு ஏற்றதுதான். மெக்கானிக்கைக் கேட்டால், "கீஞ்ச் லேகி, சாப்" என்பார். இழுத்துவிடும், உண்மை. நிற்குமா?

2011-இல் என் பழைய டீசல் ஜீப்பில் இரவல் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு, டோம்பிவிலியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் புறப்பட்டேன். வண்டிக்குள் ஏழு பேர், அதில் மூன்று குழந்தைகள். கண்டாலா வரை ஒரு தொல்லையும் இல்லை. கோபோலி இறக்கத்தில் பாதி தூரம் வந்தபோது என் மனைவி, "ஏங்க, ஏதோ தீயற வாசனை வருதே" என்றாள். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று. இரண்டாம் கியர், முதல் கியர், கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்ட் பிரேக் என்று எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

குற்றம் என்னுடையதே. பிரேக் ஆயிலை மாற்றிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிய டாட்-3 ஆயில் கொதிக்க 205 டிகிரி செல்சியஸாவது வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். உள்ளே ஆவிக்குமிழி உண்டானால் மிதிப்பதெல்லாம் குமிழியை நசுக்கத்தான் போகும். சிறிய ட்ரெய்லர்களில் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது. 600 கிலோ பாத்திரத்தையும் முன்னாலிருக்கும் வண்டிதான் நிறுத்தியாக வேண்டும்.

ஆகவே காசு இருந்தால் முதலில் பிரேக்குக்குப் போகட்டும்: லைனிங், வீல் சிலிண்டர், ரப்பர் குழாய்கள், புது ஆயில். பிறகு ரேடியேட்டரும் அதன் ஹோஸ்களும், கிளட்ச், பின் ஸ்பிரிங். டயரில் பொத்தான்கள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. கொக்கியைப் பம்பரில் வெல்டிங் வைத்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. வேண்டாம். சேஸிஸில் போல்ட் போட்டுப் பொருத்த வேண்டும், கூடவே இரண்டு சங்கிலியும் வேண்டும். கனமான அண்டாக்களை ட்ரெய்லரின் முன்பக்கம் வையுங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும், சுமோவையும் சேர்த்து ஆட்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே; அதற்குத் தனிப் பதிவு வேண்டும். கொக்கி பொருத்துமுன் ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நம் அன்பரின் சுமோவுக்கு 15 ஆண்டு முடிந்து பதிவு புதுப்பித்தாயிற்று என்றார்கள். அந்தச் சோதனை வண்டியைத் தனியாகப் பார்த்தது, ட்ரெய்லரோடு அல்ல.

இன்னொன்று. ட்ரெய்லர் மாட்டிய அன்று வண்டியில் ஓட்டுநரும் உதவிக்கு ஒருவரும் போதும். "இடம் இருக்கே மாமா, நாங்களும் வர்றோம்" என்று கோலாட்டக் குழுப் பெண்கள் ஏறிக்கொள்வது நம் வழக்கம். அவர்கள் பஸ்ஸில் வரட்டும்.

இவ்வளவும் செய்ய செயற்குழு தயார் என்றால் ட்ரெய்லருக்கு என் நன்கொடை உண்டு. அதுவரை பாத்திரங்கள் டெம்போவிலேயே வரட்டும். இந்தப் பொங்கல் வாடகையில் பாதியை நான் தருகிறேன்.