டாக்டருக்கு யோசனை சொல்லும் கம்ப்யூட்டர்!

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் படுத்திருக்கிறார். மூச்சு விட ஒரு எந்திரம். இதயத் துடிப்பைப் பார்க்க ஒரு எந்திரம். மருந்து ஏற்ற இன்னொன்று. போதாததற்கு, டாக்டருக்கு யோசனை சொல்லவும் இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது!

"டாக்டர் இருக்கும்போது இது எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள்.

எதற்கு என்பதை அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி நகரில் உள்ள எல்.டி.எஸ். ஆஸ்பத்திரி காட்டியது. அங்கே 12 படுக்கை கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் 1 ஆண்டு சோதனை நடந்தது. 1998-ல் முடிவு வெளிவந்தது.

நோயாளியின் உடம்பில் என்ன கிருமி? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது? எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது? இதையெல்லாம் பார்த்து, "இந்த மருந்து, இந்த அளவு" என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஏற்பதும் தள்ளுவதும் டாக்டர் இஷ்டம்.

206 எங்கே, 12 எங்கே!

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய 2 ஆண்டுகளில் அங்கு 1,136 நோயாளிகள். ஒத்துக்கொள்ளாத மருந்து 146 முறை எழுதப்பட்டது. கிருமிக்குப் பொருந்தாத மருந்து 206 முறை.

கம்ப்யூட்டர் வந்த 1 ஆண்டில் 545 நோயாளிகள். ஒத்துக்கொள்ளாத மருந்து 35. பொருந்தாத மருந்து வெறும் 12!

டாக்டர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நடுராத்திரியில், நாலு படுக்கையிலும் நாலு ஆபத்து என்றால், யாருக்குத்தான் எல்லாம் நினைவிருக்கும்?

அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரியும் உடனே வாங்கி வைக்கலாமா? அவசரம் கூடாது.

கோட்டை விட்டது

கிருமி தாக்கி, அதை எதிர்க்கும் வேகத்தில் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் ஆபத்துக்கு செப்சிஸ் என்று பெயர். அதை முன்கூட்டியே சொல்ல ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் முறை ஒன்றைத் தயாரித்தது. பல ஆஸ்பத்திரிகள் அதை ஏற்றன.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 2018-19-ல் நோயாளிகள் 38,455 தடவை சேர்க்கப்பட்டதை வைத்து அதைச் சோதித்தார்கள். முடிவு 2021-ல் வந்தது. செப்சிஸ் கண்டது 2,552-ல். அதில் 1,709-ஐ எந்திரம் கோட்டை விட்டது! ஆனால் எச்சரிக்கை மட்டும் 6,971-ல்.

சும்மா சும்மா மணி அடித்தால் என்ன ஆகும்? அடுத்த தடவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உண்மையான ஆபத்து அப்போது வந்தால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் கதி?

சால்ட் லேக் சிட்டியில் இருந்தது, அந்த ஆஸ்பத்திரியே தன் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து உருவாக்கியது. அளவெடுத்துத் தைத்த சட்டை. மற்றது ரெடிமேடு சட்டை. சிலருக்குப் பொருந்தும், சிலருக்குத் தொளதொள என்றிருக்கும்.

ஆகவே, புதிதாக வாங்கும் ஆஸ்பத்திரி முதல் சில மாதம் அதன் வாயைக் கட்டிவைக்க வேண்டும். அது மணி அடிக்காமல் கணக்கு மட்டும் போடட்டும். சொன்னது எத்தனை பலித்தது, எத்தனை தப்பியது என்று பார்க்க வேண்டும். பார்க்கவேண்டியவர் விற்க வந்த கம்பெனி ஆள் அல்ல. அங்கே வேலை பார்க்கும் டாக்டரும் நர்சும். குறிப்பாக நர்சு. மணி அடித்தால் முதலில் ஓடுவது அவர்தானே!