மெஷின் தப்பிட்டுது, கசெட்?

பழைய கொம்பியூட்டரை இப்பத்தைய லப்டொப்பில ஓட்டேலுமோ எண்டு கேட்டால், தாராளமாய் ஏலும். 1982இல் பிரித்தானியாவில் வந்த சின்கிளேயர் ஸ்பெக்ட்ரத்தின் வேகம் 3.5 மெகாஹேர்ட்ஸ், நினைவகம் கூடினது 48 கிலோபைட். மலிவான ஃபோனில் இருக்கிற எமுலேற்றரே அதை அப்படியே நடிச்சுக் காட்டும்.

பிரச்சினை வேற இடத்தில. அதன் கேம்கள் வந்தது ஓடியோ கசெட்டில (பாட்டுக் கேட்ட அதே கசெட்தான்!). காந்தப்பூச்சு உதிர்ந்தால் எந்த எமுலேற்றராலும் மீட்க முடியாது. ஆகவே இன்னொரு எமுலேற்றர் எழுதுவதைவிட, பரணில் கிடக்கும் கசெட்டுகளை ஓடவிட்டு, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கோப்பாகச் சேமிப்பதுதான் அவசரம் என்பேன். கடையில் விற்ற பிரபலமான கேம்களை ஆரோ ஏற்கெனவே சேமிச்சிட்டினம். ஆனால், லீட்ஸில் ஒரு பெடியன் பேசிக்கில் தானே எழுதிப் பதிஞ்சு வைத்த கேமுக்கு வேற பிரதி இல்லை.