நீங்கள் கேட்டவை: மாட்டை விற்று ‘மார்க்கெட்டிங்’ படிக்க வேண்டுமா?

‘‘படப்பை பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் நெல், கத்திரி சாகுபடி செய்கிறோம். மூன்று கறவை மாடுகள் இருக்கின்றன. மகள் தாம்பரத்தில் பி.காம். முடித்துவிட்டாள். ‘ப்ராடக்ட் மார்க்கெட்டிங்’ வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில், ஆறு மாதப் பயிற்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். வேலைக்கு உத்தரவாதம் என்றும் சொல்கிறார்கள். இரண்டு மாடுகளை விற்றுக் கட்டலாமா? அது என்ன வேலை, அதில் முன்னேற முடியுமா?’’

- வாசகர், படப்பை.

மாட்டை விற்க வேண்டாம். மாதாமாதம் பால் பணம் தரும் மாட்டை விற்று, கையில் இல்லாத வேலைக்குப் பணம் கட்டுவது சரியான கணக்கு அல்ல. ஆனால், மகளின் ஆசை தவறானது அல்ல. அது நல்ல வேலை. படிப்படியாக முன்னேறவும் வழி உள்ள வேலை. அதற்கான முதல் பயிற்சியை உங்கள் கத்திரித் தோட்டத்திலேயே தொடங்கலாம்.

விற்பது வேறு, இது வேறு

ஒரே செடியில் பறித்த கத்திரிக்காய்தான். தாம்பரம் மார்க்கெட்டுக்கு வரும் மெஸ்காரருக்குக் காய் ஒரே அளவில் இருக்க வேண்டும், விலை குறைய வேண்டும், தினமும் தவறாமல் கிடைக்க வேண்டும். சேலையூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு அரை கிலோ போதும். விலை ஐந்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. புழு இருக்கக் கூடாது, காலையில் பறித்ததாக இருக்க வேண்டும். இருவரிடமும் ஒரே பேச்சைப் பேசினால் ஒருவரிடம் வியாபாரம் நடக்காது.

யாருக்கு இந்தப் பொருள், அவருடைய கஷ்டம் என்ன, அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எந்த அளவில், என்ன விலையில் கொடுக்க வேண்டும், ஒருமுறை வாங்கியவர் ஏன் திரும்ப வரவில்லை... இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்வதுதான் ப்ராடக்ட் மார்க்கெட்டிங். பொருளைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்கும் வேலை. பழைய மகாபலிபுரம் சாலையிலும், ஜி.எஸ்.டி. சாலையிலும் உள்ள நிறுவனங்களில் அந்தப் பொருள் பெரும்பாலும் சாஃப்ட்வேராக இருக்கும். பொருள்தான் மாறுகிறது, கேள்விகள் மாறுவதில்லை.

கடலூர் பாக்கெட்டும் கீழ்க்கட்டளை அலுவலகமும்

ஷாம்பு என்றாலே பாட்டில் என்றிருந்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதைச் சிறிய பாக்கெட்டில் அடைத்தார். கூலி வேலைக்குப் போகிறவரும் வாங்க வேண்டும் என்பதுதான் எண்ணம். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன், 1983-ம் ஆண்டு 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டுவந்தார். கிராமங்களில் ஷாம்புவை எப்படித் தேய்ப்பது என்றே பலருக்குத் தெரியாது. அதனால் அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். காலி பாக்கெட் ஐந்து கொடுத்தால், ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். முதலில் எந்த நிறுவனத்தின் பாக்கெட்டையும் ஏற்றுக்கொண்டு, பிறகு சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். அந்தத் தொழில்தான் இன்று ‘கெவின்கேர்’ நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. வாங்குபவரின் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, அவருக்கு எது தெரியாது என்று பார்த்ததுதான் அங்கே வேலை செய்தது.

இன்னொரு உதாரணம், தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம், இன்று ‘ஸோஹோ’ என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் ‘ப்ரீ-சேல்ஸ்’ பிரிவில் வேலை பார்த்தார். வாங்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் வேலை அது. அங்கிருந்து, பொருளை எப்படி உருவாக்குவது, யாருக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்யும் பொறுப்புக்கு உயர்ந்தார். 2010-ம் ஆண்டு அங்கிருந்து வெளியே வந்து, கீழ்க்கட்டளையில் ஒரு சிறிய இடத்தில் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்.

வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த அவருடைய டி.வி. உடைந்துபோய், இழப்பீட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். இணையத்தில் பலர் பார்க்கும்படி எழுதிய பிறகுதான் பணம் வந்தது. இன்னொரு பக்கம், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க உதவும் ஒரு சாஃப்ட்வேரின் விலை ஏறியதால், அதைப் பயன்படுத்தியவர்கள் கோபத்தில் இருப்பதையும் கவனித்தார். இந்த இரண்டிலிருந்தும் பிறந்ததுதான் ‘ஃபிரெஷ்டெஸ்க்’. அதன் முதல் வாடிக்கையாளர், ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு பள்ளி. 2021-ம் ஆண்டு செப்டம்பரில், ‘ஃபிரெஷ்வொர்க்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் அந்த நிறுவனம் பட்டியலானது. எல்லோரும் இந்த உயரத்துக்குப் போக முடியாது. ஆனால், வாடிக்கையாளர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும் வேலையிலிருந்துதான் அந்தப் பாதை தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மகள் இப்போதே செய்ய வேண்டியவை

* உங்கள் கத்திரியையே பொருளாக எடுத்துக்கொள்ளட்டும். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளில் முப்பது வீடுகளில் பேசட்டும். ‘எங்கே வாங்குகிறீர்கள், அதில் என்ன பிடிக்கவில்லை?’ என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதட்டும்.

* இரண்டு விதமான அறிவிப்புகள் எழுதி, ஒன்றை ஒரு வாட்ஸ்அப் குழுவிலும், மற்றொன்றை இன்னொரு குழுவிலும் போடட்டும். எதற்கு அதிக ஆர்டர் வந்தது என்று குறித்துக்கொள்ளட்டும்.

* எட்டு வாரம் விற்கட்டும். முதல் வாரம் வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுபடியும் வாங்கினார்கள், விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள், வண்டிச் செலவு போக என்ன மிஞ்சியது என்று கணக்கு எழுதட்டும். நஷ்டம் வந்தாலும் உள்ளபடியே எழுத வேண்டும்.

* மருந்து தெளித்த காயை ‘இயற்கைக் காய்’ என்று சொல்லக் கூடாது. பொய் சொல்லி ஒருமுறைதான் விற்க முடியும்.

* இதையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்க அறிக்கையாக்கி, நேர்முகத் தேர்வுக்கு எடுத்துப் போகட்டும். சான்றிதழைவிட இந்த இரண்டு பக்கம் அதிகம் பேசும்.

பாடங்களுக்கு மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் மார்க்கெட்டிங் வகுப்புகள் இருக்கின்றன. இலவசமாகவே படிக்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம். ‘ஹப்ஸ்பாட் அகாடமி’யிலும் இலவசப் பாடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவதைவிட, பிழையில்லாமல் சுருக்கமாக எழுதுவது முதலில் வேண்டும். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகினால் வந்துவிடும்.

படிக்கட்டுகள்

பி.காம். முடித்தவருக்கு முதல் நாளே ‘ப்ராடக்ட் மார்க்கெட்டிங்’ என்ற பெயரில் வேலை கிடைப்பது கடினம். வாடிக்கையாளர் சேவை, ப்ரீ-சேல்ஸ், விளம்பர வாசகம் எழுதுதல் ஆகியவைதான் நுழைவாசல்கள். அங்கே ஓரிரு ஆண்டுகள் இருந்து, வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளைத் தொகுத்து மேலே கொண்டுபோகிறவரை நிறுவனம் கவனிக்கும். அதன் பிறகு ஒரு பொருளின் ஒரு பகுதி, பிறகு முழுப் பொருள், பிறகு ஒரு குழு என்று பொறுப்பு கூடும். ஒவ்வொரு படியிலும் ‘என்ன செய்தேன்’ என்று சொல்வது போதாது. ‘அதனால் இத்தனை பேர் கூடுதலாக வாங்கினார்கள்’ என்று எண்ணிக்கையோடு காட்ட வேண்டும். நோட்டில் கணக்கு எழுதும் பழக்கம் அங்கே கை கொடுக்கும்.

எச்சரிக்கை

‘மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ என்று விளம்பரம் செய்யப்படும் வேலைகளில் பல, வீடு வீடாகப் போய் விற்கும் கமிஷன் வேலைகள். அதுவும் உழைப்புதான், ஆனால், மகள் கேட்கும் வேலை அது அல்ல. சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, விற்பனை இலக்கு உண்டா என்று பணி ஆணையில் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வேலை கொடுக்க டெபாசிட் கேட்டால் திரும்பி வந்துவிட வேண்டும். ‘வேலை உத்தரவாதம்’ என்று சொல்லும் பயிற்சி நிலையத்தில், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அதுவே பதில்.

ஆறு மாதம் இப்படி முயன்ற பிறகு, குறிப்பிட்ட ஒரு திறமைதான் குறைகிறது என்று மகளுக்கே தெரிந்தால், அதை மட்டும் குறைந்த செலவில் படிக்கலாம். அதுவரை மூன்று மாடுகளும் தொழுவத்திலேயே இருக்கட்டும்.

‘‘மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கல்லூரியில் சேர்க்க வசதி இல்லை. இந்தத் துறைக்கு வர முடியுமா?’’

- வாசகர், கூடுவாஞ்சேரி.

முயன்று பார்க்கலாம். உங்கள் ஊருக்கு அருகே வல்லாஞ்சேரியில் வளாகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம், ‘ஸோஹோ ஸ்கூல்ஸ்’ என்ற பயிற்சிப் பள்ளியை நடத்துகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகை தருகிறார்கள். தொழில்நுட்பம், வடிவமைப்பு, வணிகம் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மார்க்கெட்டிங் ஆர்வம் உள்ளவர்களுக்கு வணிகப் பிரிவு பொருந்தும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். வயது வரம்பு, சேர்க்கை தேதி ஆகியவற்றை அவர்களின் இணையதளத்தில் பார்த்து விண்ணப்பிக்கலாம். இதை மட்டும் நம்பி ஓர் ஆண்டைக் கழிக்காமல், அரசுக் கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போட்டு வைப்பது நல்லது.